நாற்பத்தெட்டாம் நம்பர் மனை

மைசூரில் எங்கள் பேட்டையின் குடியிருப்போர் சங்கம் வெளியிட்ட மலர் போன வாரம் வீட்டுக்கு வந்தது. வழவழப்பான தாளில் முப்பத்திரண்டு பக்கம். அதில் மூன்று பக்கம் பேட்டையின் வரலாறு. அந்த மூன்று பக்கத்தில் பதினோரு தவறுகள். ஒன்பது தவறுகள் சின்னவை: சாலையின் அகலம், முதல் தெருவிளக்கு நின்ற இடம் இப்படி. அவற்றைத் தொலைபேசியில் சொன்னேன். எடுத்த பெண் எல்லாவற்றுக்கும் "ஓகே அங்கிள்" என்றாள். எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை.

பெரிய தவறுகள் இரண்டு. இந்த இடம் முன்பு வெறும் புல்வெளியாக இருந்தது என்பது ஒன்று. தொடக்கம் முதலே அமைதியை விரும்பும் குடும்பங்கள் இங்கே வாழ்ந்து வருகின்றன என்பது இன்னொன்று. யோகா கற்க வருகிற வெளிநாட்டவர்களுக்கு அறை வாடகைக்கு விடுபவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். என் கேட்டிலிருந்து மூலை வரை இன்று ஆறு காபிக் கடைகள் இருக்கின்றன. ஒரு கடையிலும் என் வயதுக்காரன் உட்கார்ந்தால் எழுந்திருக்கக்கூடிய நாற்காலி இல்லை. அது வேறு விஷயம்.

நாற்பத்தெட்டு மனைகளில் முதலில் குடிவந்தவர்களின் வீட்டாராக இப்போது இங்கே இருப்பது நான்கு பேர். மற்ற மூவரும் அப்போது தொட்டிலில் இருந்தார்கள். ஆகவே நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

புல்வெளி கிடையாது. எருமைக் கொட்டகைகள் இருந்தன. சுதந்திரம் வந்த புதிதில் நாங்கள் மண்டி மொஹல்லாவில் ஒண்டுக்குடித்தனம் இருந்தோம். ஏழு குடும்பங்களுக்கு ஒரு குழாய். அப்பா ரயில்வே ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. படிப்பு முடிந்ததும் எனக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. இருவரும் தினமும் இந்த வழியாகத்தான் நடந்துபோவோம். மண்சுவரும் தகரமும் ஓலையுமாக இருபத்திரண்டு கொட்டகைகள். கொள்ளேகால் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்தவர்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம். மண்டி மொஹல்லா முழுவதும் அவர்களுடைய பாலைத்தான் குடித்தது.

பிறகு இந்த நிலத்தை எக்ஸ்டென்ஷனாக்கி, மனை பிரித்து, சம்பளக்காரர்களுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அப்பாவுக்கு முப்பத்தோராம் நம்பர் மனை கிடைத்தது. அம்மா அன்று பாயசம் வைத்தாள்.

கொட்டகைகளை இடித்த நாளில் நான் ஆபீஸுக்குப் போகவில்லை. போக வழியில்லை. கடப்பாரையோடு முப்பது கூலியாட்கள், லத்தியோடு பன்னிரண்டு கான்ஸ்டபிள்கள். எருமைக்காரர்கள் முதலில் சாணியை எறிந்தார்கள். பிறகு கல். ஒரு கான்ஸ்டபிளின் புருவம் கிழிந்து ரத்தம் சட்டைப் பொத்தான்வரை வழிந்தது. அதன் பிறகு லத்தி யார்மேல் விழுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு கர்ப்பிணியின் முதுகில் இரண்டு அடி விழுந்ததை நான் பார்த்தேன். அவிழ்த்துவிட நேரமில்லாமல் போன ஒரு எருமையின் பின்னங்கால்கள்மேல் சுவர் சாய்ந்தது. அது முன்னங்கால்களை மட்டும் ஊன்றி எழுந்து எழுந்து விழுந்தது. அதன் சொந்தக்காரன் ஒரு கூலியாளின் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கி அதன் நெற்றியில் அடித்தான். நான்காவது அடியில்தான் அடங்கிற்று. கூலியாள் கடப்பாரையைத் திரும்ப வாங்கி, மண்ணில் துடைத்துவிட்டு அடுத்த சுவருக்குப் போனான்.

நாங்கள் கடைக்கால் தோண்டியபோது ஒரு கொம்பு கிடைத்தது. அம்மா புரோகிதரை வரவழைத்துச் சாந்தி செய்த பிறகுதான் முதல் கல்லை வைக்க விட்டாள்.

இருபத்தோரு கொட்டகைகள் போயின. ஒன்று மட்டும் தங்கிற்று. மூலையில் இருந்த நாற்பத்தெட்டாம் நம்பர் மனையை யாருக்கும் ஒதுக்கியிருக்கவில்லை. அங்கே கொட்டகை வைத்திருந்தவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். வீடுகள் எழும்பி நாங்கள் குடிவந்ததும் ஒவ்வொரு கேட்டாக வந்து நின்றார். ஐயாமார் வீட்டுக்குப் பால் வேணுமில்லீங்களா என்று கேட்டார். வேண்டியிருந்தது. ஒன்பது வீட்டார் சேர்ந்து, மனை ஒதுக்கும் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள்: இவரிடம் பால் வாங்குகிறோம், கொட்டகை இருக்கட்டும். அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள்; ஒன்பது வீட்டாரும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் நாளில் கொட்டகையை எடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் அவர் மனைவியும் இந்த ஊரில் இருப்பது ஒன்பது சொம்புப் பாலில் நின்றது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அவரிடம் மூன்று எருமைகள். நான் சொல்லும் நாட்களில் இரண்டு சினை. கறவையில் இருந்தது ஒன்றுதான். காலை ஐந்தரைக்கு அதை ஓட்டிக்கொண்டு கேட் கேட்டாக வருவார். வீட்டுப் பெண்கள் சொம்போடு வந்து நிற்பார்கள். அவர் பால் செம்பைக் கவிழ்த்துக் காட்டுவார். உள்ளே தண்ணீர் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. கண்ணெதிரே கறந்தால்தான் எங்கள் வீடுகளில் வாங்குவார்கள். கன்றை ஒரு நிமிஷம் ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் இழுத்துவிட்டுக் கறப்பார். அடுத்த கேட்டில் மறுபடியும் கன்று, மறுபடியும் செம்பு. இப்படி ஒன்பது கேட்.

அப்போது சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற அமல்தார். தாசில்தாருக்கு மைசூர் சமஸ்தானத்தில் அந்தப் பெயர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் உத்தரவு போட்டவர். போட்ட உத்தரவு நடந்துவிட்டதாகவே நினைத்துப் பழகியவர். சாலை மரங்கள் அவர் முயற்சியால் வந்தவை. அவர் வீட்டு முன் க்ரோட்டன்ஸ் செடிகள் மட்டும் பதினெட்டுத் தொட்டி. பேட்டைக்குள் மாடு ஆடு வராமல் பார்க்க ஒரு காவல்காரனை நியமித்தார். அவனிடம் இரும்புப் பூண் போட்ட தடி இருந்தது.

நாங்கள் குடிவந்த நான்காம் வருஷம் ஒரு மத்தியானம் அந்தக் கறவை எருமையின் கன்று கயிற்றை உருவிக்கொண்டு செயலாளர் வீட்டுத் தோட்டத்தில் நுழைந்துவிட்டது. பிறந்து இருபது நாள்கூட ஆகியிருக்காது. செயலாளர் வராந்தாவிலிருந்து, அடித்து விரட்டு என்று கன்னடத்தில் சொன்னார். நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். காவல்காரன் மூன்று அடி அடித்தான். மூன்றும் முதுகில். கன்று ஓடவில்லை. தரையில் உட்கார்ந்தது போல இருந்தது, பின்பகுதி மட்டும் அசையவில்லை. எருமைக்காரர் வந்து தோளில் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் செத்தது.

கன்று இல்லாவிட்டால் எருமை பாலை இறக்காது. மாடு வைத்திருப்பவர் எல்லோருக்கும் இது தெரியும்; எங்கள் நாற்பத்தேழு வீடுகளில் ஒருவருக்கும் தெரியாது. அவர் கன்றின் தோலை உரித்து, மண்டிக்கு அந்தப்புறம் ஒரு தோல்காரரிடம் கொடுத்து, வைக்கோல் அடைத்து, மூங்கில் குச்சிகளைக் காலாக வைத்துத் தைத்துக் கொண்டுவந்தார். கண்கள் இருந்த இடத்தில் இரண்டு தையல். தினமும் உப்புத் தண்ணீர் தடவித் தோளில் சுமந்து வருவார். கேட்டில் சாய்த்து நிறுத்துவார். எருமை அதை நக்கும். பால் இறங்கும்.

இவ்வாறு செத்த கன்று தினமும் காலையில் செயலாளர் கேட்டில் சாய்ந்து நின்றது. வரிசையில் அவர் வீடு மூன்றாவது.

பதினைந்து நாள் பொறுத்தார். பிறகு எருமைக்காரரைக் கூப்பிட்டு, தோலை வாசலுக்குக் கொண்டுவருவது தீட்டு, இனிமேல் கூடாது என்றார். நானும் அப்பாவும் அங்கே இருந்தோம்.

"அது இல்லாட்டி சொரக்காதுங்க சாமி," என்றார் எருமைக்காரர்.

"ரெண்டு நாள் சுரக்காது. மூணாம் நாள் மறந்துடும். மிருகம்தானே?"

"மறக்காதுங்க. மடி கட்டிப்போகும்."

செயலாளர் அப்பாவின் பக்கம் திரும்பிக் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "பாத்தேளா ஸ்வாமி? சும்னே எதையாவது சொல்றான். எல்லாம் பழக்கம்தான்."

அப்பா தலையாட்டினார். எனக்கும் அது சரியென்றே பட்டது. சுற்றறிக்கை வந்தால் மூன்று நாளில் எல்லாம் பழகிவிடும் ஆபீஸில் நான் வேலை பார்த்தேன்.

மறுநாள் பிற்பகல் எருமைக்காரரும் மனைவியும் புல் அறுக்கப் போயிருந்தார்கள். காவல்காரன் கொட்டகைக்குள் போய் வைக்கோல் கன்றை எடுத்துவந்து, அதே மனையின் காலி மூலையில் சருகு குவித்துக் கொளுத்தினான். செயலாளர் சொல்லித்தான். வைக்கோல் உடனே பிடித்துக்கொண்டது. தோல் மெதுவாக எரிந்தது. அந்த நாற்றம் முப்பத்தோராம் நம்பர் வரை வந்தது. அம்மா ஜன்னல்களைச் சாத்தினாள்.

நாற்றம் எருமைக்கும் போயிருக்க வேண்டும். முளையைப் பிடுங்கிக்கொண்டு, கயிறும் முளையும் பின்னால் குதித்துக்கொண்டு வர, நேராக நெருப்புக்கு வந்தது. அது கத்துவதை அதுவரை நான் கேட்டதில்லை. நெருப்புக்குள் மூக்கை விட்டது. இழுத்துக்கொண்டது. மறுபடியும் விட்டது. காவல்காரன் பூண் போட்ட தடியால் அதன் முகத்திலும் கழுத்திலும் அடித்தான். ஏழு வரை எண்ணினேன். தடி முறிந்தது. பிறகு அவன் ஓடினான். எருமை அங்கேயே நின்றது. எருமைக்காரர் திரும்பி வந்து பார்த்தபோது அதன் மூக்குத் தோல் வெள்ளையாக உரிந்து தொங்கிற்று.

அவர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு வழக்கம்போல எருமையோடு வந்தார். எங்கள் கேட் இரண்டாவது. அம்மா சொம்போடு நின்றாள். செம்பைக் கவிழ்த்துக் காட்டினார். உட்கார்ந்தார். மடியைத் தடவினார். ஒரு சொட்டு வரவில்லை. மனைவி தன் பழைய புடவையைச் சுருட்டிக் கன்று மாதிரி கட்டி, உப்புத் தண்ணீரில் நனைத்து அதன் முகத்துக்கு நேரே பிடித்தார். எருமை உதைத்தது. செம்பு நசுங்கிற்று. இரண்டாம் நாள் புண்ணாக்கும் வெல்லமும் வைத்துப் பார்த்தார்கள். அன்று அவர் எருமையை அடித்தார். நான்கு வருஷத்தில் அதை அவர் அடித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. மூங்கில் கழியால் விலாவில் அடித்துக்கொண்டே இருந்தார். மனைவி குறுக்கே விழுந்து கையைப் பிடித்தார். அந்த அம்மாளுக்கும் இரண்டு அடி விழுந்தது.

மூன்றாம் நாள் மடி கல்லாகிவிட்டது. காம்பிலிருந்து வந்த சில சொட்டுகள் சிவப்பாக இருந்தன. எங்கள் வீட்டில் மூன்று நாளாகக் கறுப்புக் காபி. ஒன்பது வீட்டிலும் அப்படித்தான். அப்போதே பலர் எரிச்சலில் இருந்தார்கள், எருமைக்காரர்மேல்.

மூன்றாவது கேட்டில் செயலாளர் தாமே வந்து நின்றார். பாலை விடியுமுன் மொஹல்லாவில் விற்றுவிட்டு இங்கே நாடகம் ஆடுகிறான் என்றார். அவர் சும்மா சொல்லவில்லை; உண்மையாகவே அப்படி நம்பினார்.

எருமைக்காரர் எழுந்தார்.

"தொட்டுப் பாருங்க சாமி."

செயலாளர் பின்வாங்கினார். எருமைக்காரர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். "நான் பொய் சொல்றேன்னா அது சொல்லுமா? தொட்டுப் பாருங்க." இழுத்துக் கீழே குனிய வைத்து, அவர் கையைக் கொண்டுபோய் அந்த மடியில் வைத்து அழுத்தினார்.

எருமை உதைத்தது. செயலாளர் தன் கேட்டின் கல்தூணில் மோதி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. எலும்பு வேட்டிக்கு வெளியே தெரிந்தது.

எந்த வீட்டிலிருந்து யார் முதலில் ஓடிவந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஏழு பேர் வந்தோம். எல்லோரும் படித்தவர்கள். ஒருவர் கையில் குடை, ஒருவர் கையில் கைத்தடி, ஒருவர் மகனின் கிரிக்கெட் ஸ்டம்ப்பை எடுத்துவந்திருந்தார். நான் எங்கள் கேட்டை உள்ளிருந்து தாழிடும் மரக்கட்டையை உருவிக்கொண்டு வந்தேன். எருமைக்காரர் திருப்பி அடிக்கவில்லை. எருமையின் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலையில் ரத்தம் வந்து கண்ணை மூடிற்று. மற்றவர்கள் அடித்ததை எண்ணவில்லை. நான் அடித்தது மூன்று. முதலாவது தோளில். இரண்டாவது முழங்கையில். மூன்றாவது, கயிற்றைப் பிடித்திருந்த வலது கையில். விரல்கள் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதுதான் அவர் கயிற்றை விட்டார்.

அதற்கு மேல் நான் அடிக்கவில்லை. கை ஓய்ந்துபோயிற்று என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

கான்ஸ்டபிள்கள் வந்து அவரை அழைத்துப் போனார்கள். இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். எங்களை யாரும் விசாரிக்கவில்லை. செயலாளருக்குக் காலில் மாவுக்கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன் கையெழுத்து நன்னா இருக்கும், நீயே எழுது," என்றார்.

அவர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினாறு வரி. எக்ஸ்டென்ஷன்வாசிகளாகிய எங்களுக்கு இனி இவருடைய பால் தேவையில்லை. முன்பு கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுகிறோம். நாற்பத்தெட்டாம் நம்பர் மனையிலுள்ள கொட்டகையை உடனே அகற்ற வேண்டும். இந்த ஆள் முரடன், மரியாதைக்குரிய ஒரு முதியவரைத் தாக்கிக் காலை உடைத்தவன். ஒன்பது வீட்டுக்கும் எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கினேன். எங்கள் வீட்டுக்காக நான் போட்டேன். அப்பா, நீயே போடு என்றுவிட்டார். ஒருவரும் கடிதத்தை முழுவதும் படிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மனை ஒதுக்கும் அலுவலகம் மூடியிருந்ததால் கடிதம் என்னிடமே இருந்தது. மத்தியானம் எருமைக்காரரின் மனைவி எங்கள் கேட்டுக்கு வந்தார். இடுப்பில் புல் அறுக்கும் அரிவாள் செருகியிருந்தது. அப்பா வராந்தாவிலிருந்து எழுந்து உள்ளே போனார்.

"சின்னய்யா, என்னவோ கடுதாசி எழுதியிருக்கீங்களாமே. படிச்சுச் சொல்லுங்க."

முடியாது என்று சொல்லத் தோன்றவில்லை. எடுத்துவந்து, கன்னடத்தைத் தமிழாக்கிச் சொன்னேன். கொட்டகையை அகற்ற வேண்டும் என்கிற இடத்தோடு நிறுத்தினேன்.

அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் கை எந்த இடத்தில் நின்றது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ இன்னும் நாலு வரி இருக்குதுங்களே."

அந்த நான்கு வரியையும் சொன்னேன்.

"எங்கூட்டுக்காரர் கை ஒடஞ்சது எழுதலீங்களா?"

"இல்லை."

"கன்னு?"

"இல்லை."

"எழுதினது ஆருங்க?"

"நான்தான்."

"கையில அடிச்சதும் நீங்கதானுங்களே. சொன்னாரு." குரல் உயரவில்லை. காய்கறி விலை கேட்பது போலத்தான் கேட்டார். "இனிமே அந்தக் கையில கறக்க முடியாதுன்னு வைத்தியர் சொல்லிப்போட்டாருங்க."

நான் அரிவாளைப் பார்த்தபடி நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் கையை நீட்டினார். அரிவாளுக்கு அல்ல, கடிதத்துக்கு.

"இதக் குடுங்க. ஊருல கேப்பாங்க, எதுக்குத் திரும்பி வந்தீங்கன்னு. நாங்க சொன்னா நம்ப மாட்டாங்க. பொளைக்கத் தெரியாம வந்துட்டான்னு பேசுவாங்க. அங்க இஸ்கோல் வாத்தியார் இருக்காரு. படிச்சுச் சொல்லட்டும். உங்க பேரும் அதுல இருக்குதுங்கல்ல?"

"இருக்கிறது."

"எங்க?"

விரலை வைத்துக் காட்டினேன். ஒன்பதில் இரண்டாவது. அந்த இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். உள்ளேயிருந்து அப்பா, டேய், அது ஆபீஸுக்குப் போகவேண்டிய கடிதம் அல்லவா என்றார்.

அவர்கள் அன்று நான்கு மணிக்குக் கிளம்பினார்கள். சினை எருமைகள் இரண்டும் முன்னால் போயின. மடி கட்டிய எருமையால் கால்களைச் சேர்த்து வைத்து நடக்க முடியவில்லை. அகட்டி அகட்டி வைத்தது. அவர் வலது கையைத் துணியில் தொங்கவிட்டு, இடது கையால் கயிற்றைப் பிடித்திருந்தார். வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. கொள்ளேகால் முப்பத்தைந்து மைலுக்கு மேல். அந்த எருமை ஊர்போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் செயலாளருக்காக இன்னொரு பிரதி எழுதினேன். அதுவும் பதினாறு வரி. முதல் பிரதியில் விட்டுப்போனவை இரண்டு என்று இப்போது எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்க்க அடியில் இடமும் இருந்தது. சேர்க்கவில்லை. ஒன்பது வீட்டுக்கும் மறுபடி எடுத்துப்போனேன். ஒன்பது பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டோம்.